இழுத்துப் பார்த்த குழல்கள்

ஜெயவேலிடம் ஒன்பது துப்பாக்கிகள் இருந்தன. ஒன்றையும் அவர் சுட்டதில்லை. அவர் செத்த ஐந்தாம் நாள், மகள் தேவிப்ரியா அவற்றைக் கூடத்தில் பாய் விரித்து வரிசையாகக் கிடத்தினாள். கூடம் போதவில்லை. மூன்றின் நுனிகள் சமையலறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. அம்மா கீதா ஒவ்வொரு முறையும் புடவையைத் தூக்கிப் பிடித்து அவற்றைத் தாண்டி அடுப்புக்குப் போய்வந்தாள்.

சிக்குப் பிடித்த தேங்காயெண்ணெய் நாற்றம். ஒரு குழலைச் சாய்த்ததும் உள்ளிருந்து காய்ந்த பல்லி ஒன்று விழுந்தது. இன்னொன்றிலிருந்து எலிப் புழுக்கை. வரலாறு, வரலாறு என்று அப்பா இத்தனை வருடம் பேசியது இதைத்தானா? 

போலீஸ் ஸ்டேஷனில் சொல்லியிருந்தார்கள். "லைசென்ஸோ பழம்பொருளோ, ஆள் போயிட்டா வூட்ல வெச்சிருக்கக் கூடாதும்மா. லிஸ்ட் போட்டு எடுத்துகினு வந்துடுங்க. குழல் நீளம் கட்டாயம் எழுதணும்."

ஆரணியில் ஜெயவேலைத் தெரியாதவர் குறைவு. பட்டுப் புடவைக்கு ஜக்கார்டு அட்டை குத்துகிறவர். முந்தானையில் மயில் எங்கே நிற்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அட்டையின் ஓட்டைகளில் இருக்கிறது. ஓர் ஓட்டை தப்பினால் மயிலுக்குக் கண் போய்விடும். ஜெயவேலின் அட்டையில் ஓட்டை தப்பியதில்லை. குத்தி முடித்த அட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவியே சரி பார்ப்பார். பத்தாவது வரை படித்தவர். மகளை இன்ஜினியர் ஆக்கினார். அத்தோடு நின்றிருந்தால் நல்ல மனிதர் என்று சொல்லி முடித்துவிடலாம்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன் வந்தவாசிப் பக்கம் ஒரு பழைய வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். ஏரியில் வாத்து சுடுவதற்காக யாரோ எந்தக் காலத்திலோ செய்து வைத்த துப்பாக்கி ஒன்றை அங்கே எடுத்தார். வாய் வழியாக வெடிமருந்தும் ரவையும் போட்டு இடித்துச் சுடுகிற வகை. குழல் மட்டும் நாற்பத்தாறு இஞ்ச். பஸ்ஸுக்கு மேலே கட்டி எடுத்துவந்தார். தெருவே கூடியது. அன்றைக்குப் பிடித்தது பித்து. அதற்குப் பிறகு வந்தவை ஒவ்வொன்றும் முந்தையதைவிட நீளம். கடைசியாக வந்தது ஐம்பத்து நாலு இஞ்ச். ஒவ்வொன்றுக்கும் புடவைக் கரையின் பெயர் வைத்தார்: ருத்ராட்சம், மயில்கண், கோபுரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜமீன், ஒரு சண்டை, ஒரு கதை. ஒவ்வொன்றுக்கும் 'சுடாத பழம்பொருள்' என்று ஒரு காகிதம். வீட்டுக்கு வரும் வியாபாரிகளுக்கு முதலில் காப்பி, அடுத்தது துப்பாக்கி. தேவிப்ரியாவைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் எடுத்துக் காட்டினார். அந்த வரன் அமையவில்லை.

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். அதிலும் துப்பாக்கியோடுதான் நின்றார். பேனர் அடித்தவனுக்கு இருந்த நீளம் போதவில்லை போலிருக்கிறது. துப்பாக்கியின் நுனி 'தோற்றம்', 'மறைவு' இரண்டையும் தாண்டி, துயரத்தில் பங்கேற்போர் பட்டியலுக்குள் புகுந்திருந்தது. தேவிப்ரியா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலையில் வேலூரிலிருந்து ஹேமநாத் என்று ஒருவர் வந்தார். பழைய ஆயுதம் சேர்க்கிறவர். துக்கம் கேட்க வந்தவர் முகம் துக்கமாக இருந்தது. கண் பாயின் மேல் இருந்தது.

"சிஸ்டர், டைம் சரியில்லதான். ஆனா சொல்றேன். உங்க ஜில்லாவுல கலெக்டர் ரெண்டு பேரு. ஒருத்தர் திருவண்ணாமலையில ஆபீஸ்ல இருக்காரு. இன்னொருத்தர் உங்கப்பா."

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். பிறகு ஐம்பத்து நாலு இஞ்சின் வாய்க்குள் விரலை விட்டுச் சுழற்றி, அந்த விரலை மோந்து பார்த்தார். கண் சொருகியது.

"எண்ணெ மணம். ஹா! இவ்ளோ நீட்டு ஐட்டம் வேற யாருகிட்டயும் நான் பாத்ததில்ல. ஒண்ணு மாட்டலாம். ஒம்போது எப்டி மாட்டிச்சி உங்கப்பாவுக்கு?"

"எல்லாம் ஸ்டேஷனுக்குப் போகுது சார்," என்றாள்.

அவர் போன பிறகு, அவர் விரல் பட்ட இடத்தைத் துணியால் துடைத்தாள். கேள்வி மட்டும் போகவில்லை. ஒன்பது எப்படி மாட்டின?

அளக்க உட்கார்ந்தாள். மெல்லிய அலுமினியக் கம்பியைக் குழலுக்குள் விட்டாள். முதல் துப்பாக்கியில் கம்பி வழுக்கிக்கொண்டு அடிவரை போனது. நாற்பத்தாறு. அடுத்ததில் பாதி வழியில் 'டக்' என்று ஒரு தட்டு. நூலளவு படி. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.

தேவிப்ரியாவின் வேலையே இதுதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில், பாய்லர்களில் வெல்டு வைத்த இடங்களைச் சோதித்து, தேறும், தேறாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள். போன வாரம் ஒரு பாய்லருக்குள் தவழ்ந்துகொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. கார் டிக்கியில் சோதனை டப்பாக்கள் அப்படியே இருந்தன. எடுத்துவந்தாள். தட்டு கேட்ட இடத்தில் வெளிப்பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். சிவப்புச் சாயத்தைப் பீய்ச்சினாள். பத்து நிமிடம் விட்டாள். சுத்தமாகத் துடைத்தாள். மேலே வெள்ளை மருந்தை அடித்தாள். விரிசலோ இணைப்போ இருந்தால், உள்ளே இறங்கிய சிவப்பு வெள்ளையில் ஊறி மேலே வரும்.

கீதா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, துப்பாக்கிக்கு நலங்கு வெக்கிறியா?"

ஒவ்வொரு குழலிலும் மெல்லிய சிவப்பு வளையம் எழும்பியது. எட்டுக் குழல், எட்டு வளையம். வாத்துத் துப்பாக்கி ஒன்றில் மட்டும் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"பிணைப்பு தெரியுதா?" என்றாள் கீதா, சாதம் வெந்ததா என்று கேட்பதுபோல.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? களம்பூர்ல ரைஸ் மில் ஷாஃப்ட் கடையிறாங்களே, அந்த லேத்துலதான் பிணைச்சிகினு வருவாரு. நான்தான் புளியும் உப்பும் கரைச்சிக் குடுப்பேன். தடவி வெயில்ல போட்டா ஒரே மாசத்துல நூறு வருசத்துப் பழசாயிடும்."

"எல்லாம் பொய்யாம்மா? ஜமீன், சண்டை எல்லாம்?"

"இன்னா பொய்? தறியில பழைய பாவு தீந்தா புதுப் பாவு பிணைக்கிறோம். அது பொய்யா? புடவை புடவைதானே?"

தறிக்காரர் வீட்டில் அது தினப்படிப் பேச்சு. நீளவாக்கில் ஓடும் பழைய பாவின் இழை நுனியோடு புதுப் பாவின் இழை நுனியை வைத்து விரலால் முறுக்குவார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றாக. பிணைத்த இடம் இழுவை தாங்க வேண்டும். தாங்கினால் வேலை சுத்தம். அதற்கு மேல் அதனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

கீதா உத்தரத்தைக் காட்டினாள். அங்கே ஒரு இரும்புக் கொக்கி. தறிச் சாமான் மாட்டியது என்றே தேவிப்ரியா இத்தனை நாள் நினைத்திருந்தாள். "அதுல குழலைத் தொங்கவிட்டு அம்மிக்கல்லு, படிக்கல்லு எல்லாம் கட்டுவாரு. அறுவது கிலோ. மறுநாள் வரைக்கும் வுட்டுடுவாரு. ஒண்ணுகூட பிரிஞ்சதில்ல."

"துப்பாக்கியை யாரும்மா இழுக்கப் போறாங்க? உள்ளேயிருந்து நாலா பக்கமும் தள்ளும். திருகிப் பிணைக்க மரை வெட்டின இடத்துல தகடு பாதிதான் இருக்கும். சுட்டா வாழைப்பழம் மாதிரி உரிஞ்சிடும்."

"அவரு எங்கடி சுட்டாரு?"

அது ஒன்றுதான் அன்றைக்குக் கேட்ட நல்ல வார்த்தை. ஊரை ஏமாற்றினார். ஹேமநாத் மாதிரி ஆட்களை ஏமாற்றினார். போகட்டும். யார் கையும் போகவில்லை.

லிஸ்ட் எழுத அப்பாவின் நோட்டைத் தேடி எடுத்தாள். டிசைன் வரைகிற கட்டம் போட்ட நோட்டு. பெயர், நீளம், பிணைத்த இடம், இழுவை என்று பத்திகள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு. அவளுடைய பள்ளிக்கூட நோட்டுகளின் அட்டையில் பெயர் எழுதித் தந்த அதே கையெழுத்து. 'பி'க்கு அதே சுழி. ஒரு நிமிடம் அவளால் வாசிக்க முடியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசித்தாள். முதல் வரியில், 'பிணைப்பு இல்லை.' மற்றவற்றில், 'அறுபது கிலோ, தாங்கியது.'

ஒன்பது துப்பாக்கி. நோட்டில் பத்து வரி.

'சின்னதுரை, தேவிகாபுரம். 51 இஞ்ச். பிணைப்பு: 15ஆவது இஞ்ச். இழுவை: 80 கிலோ, தாங்கியது.'

அந்தப் பத்தாவது வரிக்கு மட்டும் புதிதாக ஒரு பத்தி போட்டிருந்தார். தலைப்பில் 'சுட்டபின்' என்று எழுதியிருந்தது. கீழே கட்டம் காலியாக இருந்தது.

"அம்மா, சின்னதுரை யாரு?"

"தேவிகாபுரத்துல மணிலாக்கொட்டை போட்டிருக்கானே, அவன்தான். காட்டுப்பன்னி வெரட்ட லைசென்ஸ் வெச்சினு இருக்கான். குழலு வெடிப்பு வுட்டுடுச்சின்னு பொங்கலுக்கு முன்ன எடுத்தாந்தான். இவரு வெடிப்ப வெட்டித் தள்ளிட்டு நீட்டா பிணைச்சிக் குடுத்தாரு. குடுத்து கொஞ்ச நாள்ல எலெக்ஷன் வந்துச்சின்னு ஸ்டேஷன்ல வாங்கி வெச்சிகினாங்க."

"இப்ப எங்க இருக்கு அது?"

"நேத்து போன் பண்ணான். துப்பாக்கி திரும்பி வந்துடுச்சாம். ஐயாவுக்கு மரியாதையா இன்னிக்கி பொழுது சாயறப்ப கொல்லையில ஒரு வெடி போடறேன்னு அழுதான், பாவம்."

மணி நாலே கால். போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு அப்பால். மறுபடி போட்டாள். அதே குரல். டப்பாக்களையும் நோட்டையும் அள்ளிக்கொண்டு காரை எடுத்தாள்.

வழியெல்லாம் கணக்குத்தான் ஓடியது. மற்ற எட்டும் நடுவில் பிணைத்தவை. இது அடியிலிருந்து பதினைந்தாவது இஞ்ச். மருந்து எரிந்து அழுத்தம் ஏறுகிற இடம். சுடுகிறவன் இடது கையால் குழலைத் தாங்கிப் பிடிக்கிற இடமும் அதுதான். இது அப்பாவுக்குத் தெரியாதா? கட்டைவிரலால் அட்டையில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவர். எண்பது கிலோ கட்டினாரே, எதற்கு? சந்தேகம் இருந்ததால்தானே இருபது கிலோ கூடுதலாகக் கட்டினார்? நினைக்க நினைக்க வாயில் எச்சில் கசந்தது. ஒரு லாரிக்குப் பின்னால் நிற்கும்போது கண்ணாடியை இறக்கித் துப்பினாள்.

மணிலாக் கொல்லை வரப்பில் சின்னதுரை வெள்ளை வேட்டி கட்டி நின்றிருந்தார். துப்பாக்கி அவரைவிட உயரமாக இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி கன்னியம்மா, ஒரு தட்டில் சூடமும் பூவும் வைத்துக்கொண்டு.

"சுடாதீங்க அண்ணே!"

"வா பாப்பா! நல்ல நேரத்துக்கு வந்த. மருந்து போட்டு ரெடியா கீது. ஐயா காதுல வுழுவணும், பாரு."

"கீழ வைங்க. முதல்ல அந்தக் கேப்பை எடுங்க."

குரலைக் கேட்டு, மருந்தைப் பற்றவைக்கிற அந்தச் சின்ன மூடியை எடுத்துவிட்டார். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குழலின் வாய்க்குள் முழுதும் ஊற்றினாள்.

"ஐயோ, மருந்து!" என்றாள் கன்னியம்மா. "இன்னா பொண்ணு இது? அப்பன் செத்த துக்கத்துல கலங்கிப் போச்சா?"

தேவிப்ரியா வரப்பில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். சாயம் பீய்ச்சினாள். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். சின்னதுரை குத்துக்காலிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா பிணைச்சது பிரியாது பாப்பா. அவரே சொன்னாரு, இஸ்துப் பாத்துட்டேன்டா, தாங்குதுன்னு. நானும் இஸ்துப் பாத்தேன். வேப்பமரத்துல கட்டி நானே தொங்கினேன்."

"அவரு தொங்க, நான் எண்ணினேன்," என்றாள் கன்னியம்மா. "நூறு வரைக்கும்."

தேவிப்ரியாவுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது.  துடைத்தாள். வெள்ளையை அடித்தாள். மூன்று பேரும் பார்த்தார்கள். பதினைந்தாவது இஞ்சில் வளையம் வந்தது. அதோடு நிற்கவில்லை. வளையத்திலிருந்து நீளவாக்கில், விரற்கடை நீளத்துக்கு, ஒரு சிவப்புக் கோடு மெதுவாக இறங்கியது.

"அது இன்னா?" என்றார் சின்னதுரை.

"பழைய வெடிப்பு. முழுசா வெட்டி எடுக்கல. அதுக்கு மேலயே பிணைச்சிருக்கார். சுட்டா இங்கதான் பிளக்கும்."

சின்னதுரை தன் இடது கையைக் குழலின் கீழே கொண்டுபோனார். உள்ளங்கை சரியாக அந்தக் கோட்டின் அடியில் வந்து நின்றது. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பன்னிக்குச் சுடறப்ப டார்ச் அடிச்சிகினு நான்தான் பக்கத்துல நிப்பேன்," என்றாள் கன்னியம்மா. "எம் மூஞ்சி இங்க இருக்கும்." தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "உங்கப்பாவுக்கு இது தெரியுமா, தெரியாதா? அதச் சொல்லு."

தெரியாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறலாம். செத்தவர். நம்பிவிடுவார்கள். தேவிப்ரியா பையிலிருந்து நோட்டை எடுத்துப் பத்தாவது வரியைக் காட்டினாள்.

கன்னியம்மா வாசித்தாள். "சுட்டபின்... அப்டின்னா?"

"நீங்க சுட்டப்புறம் என்ன ஆச்சுன்னு எழுதறதுக்கு."

"அவரு வூட்ல ஒம்போது வெச்சினு இருந்தாரே. அதுல ஒண்ண எடுத்து அவரே சுட்டுப் பாக்க வேண்டிதுதானே?"

கன்னியம்மா நோட்டை அவளிடமே நீட்டினாள்.

"எங்க கையின்னா அவ்ளோ லேசாப் போச்சா?"

"வுடுடி. செத்துப் போனவரு," என்றார் சின்னதுரை.

"இன்னாத்த வுடறது? நீ செத்திருந்தா அவரு நோட்டுல எழுதிகினு இருந்திருப்பாரு."

தட்டிலிருந்த பூவைக் கன்னியம்மா வரப்பில் கொட்டினாள். சூடத்தை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "அந்தக் கட்டம் காலியா கீதே. இப்ப நீ எழுது."

தேவிப்ரியா பேனாவை எடுத்தாள். கம்பெனி ரிப்போர்ட்டில் எழுதுவதுபோலவே எழுதினாள். 'சுடவில்லை. சுடத் தகாதது.' தேதி. கையெழுத்து. சாயம் பட்ட விரல் தாளில் ஒரு சிவப்புத் தடத்தை விட்டது.

மறுநாள் சின்னதுரையும் அவளும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். லிஸ்டில் பத்து வரி. ஒன்பதில் 'பிணைத்தது' என்று எழுதி, இரண்டு துண்டின் நீளத்தையும் தனித்தனியாகக் கொடுத்திருந்தாள்.

"பிணைச்சதுன்னா இன்னாம்மா?" என்றார் ரைட்டர்.

"குழல் ஒண்ணு இல்ல சார். ரெண்டு துண்டு."

"யாரு செஞ்சது?"

சின்னதுரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துப்பாக்கி அவர் பெயரில் இருக்கிறது. அவள் பேசாமல் இருந்தால் அவர் தலையில்தான் விடியும். லிஸ்டை வாங்கி அடியில் எழுதினாள்: 'இணைத்தவர்: என் தந்தை ஜெயவேல்.'

சேதி அவளுக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. கீதா கேட்டது ஒன்றே ஒன்று: "பெத்தவர் பேரை போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வந்தியா?" அதற்குப் பிறகு மகளிடம் பேசவில்லை. உத்தரத்துக் கொக்கியைத் தேவிப்ரியா ஸ்பேனர் போட்டுக் கழற்றினாள். அதைக் கீதா தடுக்கவும் இல்லை.

கருமாதிக்குச் சின்னதுரை வந்தார். கன்னியம்மா வரவில்லை. அவர் வீட்டுக்குள் வராமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டதைப் பார்த்து, தேவிப்ரியா அங்கே போனாள். பேனரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னி வந்துடுச்சா அண்ணே?"

"முந்தா நாளு வந்திச்சி. தகர டப்பா தட்டினோம். அரை கொல்லை போச்சி." கண்ணை எடுக்காமல் கேட்டார். "அந்தத் துப்பாக்கி இவ்ளோ நீட்டாவா இருந்திச்சி?"

"இல்லண்ணே. பேனர் அடிச்சவன் இஸ்து வுட்டுட்டான்."

சின்னதுரை பேனருக்கு அருகில் போய், துப்பாக்கியின் நடுவில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். இழுத்த இடத்தில் படம் புள்ளி புள்ளியாகப் பிரிந்திருந்தது.

"சாப்ட்டுட்டுப் போங்க," என்றாள்.

"வேணாம் பாப்பா. அவ கோச்சிக்குவா," என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.